சம்பந்தி வீட்டுப் பதினான்கு பேர்

“ஆட்டம் நடக்குமா, நடக்காதா? அத மட்டும் சொல்லு பேகி. திங்கக்கிழமைக்குள்ள மேஸ்திரிகிட்ட லீவு கேக்கணும்.”

கைப்பேசியில் அண்ணன் தீலேக்கின் குரலுக்குப் பின்னால் ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. தீலேக் மாஸ்கோவில் கட்டட வேலை செய்பவன். ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவன், செப்டம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கு மட்டும் ஊருக்கு வந்துவிடுவான். அன்றுதான் எங்கள் ஊர் அணியாகிய தூல்பாருக்கும், ஆற்றின் அக்கரையில் உள்ள ஷும்கார் அணிக்கும் கால்பந்தாட்டம். எங்கள் அணியின் கோல் காவலன் தீலேக்.

“நடக்கும்னு நினைக்கிறேன்,” என்றாள் பேகிமாய். அவளுக்கு வயது பதினொன்று.

“நினைச்சா போதுமா? விமான டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா? ஆட்டம் இல்லன்னா புத்தாண்டுக்கு வரேன்.”

சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் புத்தாண்டுக்கு வருவதாகத்தான் அவன் கூறினான். இரண்டு முறையும் அம்மா அவனுக்கென்று எடுத்து வைத்த தட்டைத் துடைத்து, மீண்டும் அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“அழறியா?”

“இல்ல. வெங்காயம் நறுக்கிட்டு இருக்கேன்.”

“ஒரு கையில போன், ஒரு கையில கத்தியா? பெரிய ஆளுதான் நீ.”

அவன் சிரித்தான். பின்பு யாரோ அவனை அழைத்தார்கள். இணைப்பு அறுந்தது.

ஆட்டத்திற்கு நேர்ந்த ஆபத்து இதுதான். எங்கள் வட்டாரப் போட்டியில் ஒரு விதி உண்டு. மூன்று ஆட்டங்களுக்கு வராத அணியின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஷும்கார் அணி ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்குச் செல்லவில்லை. சென்ற ஆண்டு வரை அவர்களைத் தம் லாரியில் ஏற்றிச் சென்ற உருளைக்கிழங்கு வியாபாரி, லாரியை விற்றுவிட்டு மகன் வீட்டிற்குப் போய்விட்டார். டவுன் அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வாடகை வண்டிக்கு ஓர் ஆட்டின் விலை ஆகும். அவ்வளவு பணம் அந்த அணியில் எவரிடமும் இல்லை. வரும் ஞாயிறு, செப்டம்பர் ஆட்டத்திற்கு ஒரு வாரம் முன், அவர்களுக்கு டவுனில் மூன்றாவது ஆட்டம்.

அதற்கும் போகாவிட்டால் ஷும்கார் இல்லை. ஷும்கார் இல்லாவிட்டால் செப்டம்பர் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் அண்ணனும் இல்லை.

ஊரில் இதற்காக வருந்தியவள் பேகிமாய் ஒருத்திதான். ஏனையோர் மகிழ்ந்தனர்.

அவள் ஜோல்டோஷ் மாமாவைத் தேடிச் சென்றாள். தூல்பார் அணியின் தலைவர், பயிற்சியாளர், பேருந்து ஓட்டுநர், சட்டை துவைப்பவர் ஆகிய நால்வரும் ஜோல்டோஷ் மாமா ஒருவரே. அன்று அவர் தமது பழைய பேருந்தின் அடியில் படுத்திருந்தார். இரண்டு காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“மாமா, ஞாயித்துக்கிழமை நமக்கு ஆட்டம் இல்லதானே?” என்று பேகிமாய் காலணிகளிடம் கேட்டாள்.

“இல்ல.”

“பஸ் சும்மாதானே நிக்கும்?”

“சும்மா நிக்கிறதுதான் அதுக்குப் பிடிக்கும். வயசாயிடுச்சு.”

“ஷும்கார் ஆளுங்களக் கொண்டுபோய் டவுன்ல விட்டா என்ன?”

வண்டிக்கு அடியில் எதுவோ இடித்த ஓசை கேட்டது. ஜோல்டோஷ் மாமா நெற்றியைத் தேய்த்தவாறு வெளியே வந்தார்.

“யார?”

“ஷும்...”

“அந்தப் பேர என் பஸ் பக்கத்துல சொல்லாத. டயர்ல காத்து இறங்கிடும்.”

அவருடைய கோபத்திற்கு ஒரு காரணம் இருந்தது. செப்டம்பர் ஆட்டத்தில் வெல்லும் அணிக்கு ஒரு கிடா பரிசு. வென்றவர்கள் கிடாவைச் சமைத்து, தோற்றவர்களையும் விருந்துக்கு அழைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஷும்கார் வென்றது. விருந்தில் அணித்தலைவராகிய ஜோல்டோஷ் மாமாவின் தட்டில் மரியாதைக்குரிய இடுப்பெலும்பை வைத்திருக்க வேண்டும். பரிமாறிய இளைஞன் தவறுதலாக, சிறுவர்களுக்கு வைக்கும் தோள்பட்டை எலும்பை வைத்துவிட்டான். மாமா ஒரு வாய்கூட உண்ணாமல் எழுந்துவிட்டார். அதன்பின் தம் மகள் மேரிமை அந்த அக்கரை ஊரிலேயே மணமுடித்துக் கொடுத்தார் என்பது உண்மை. மகளின் விருப்பத்தை அவர் மறுக்கவில்லை. எனினும் அந்த விருந்துக்குப் பிறகு அவ்வூரில் அவர் கால் வைத்ததே இல்லை. டவுனுக்குச் செல்லும் சாலை அவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. பேருந்து அங்கே நுழைந்தவுடன் மாமா சன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். ஊர் முடிந்த பிறகே இறக்குவார்.

“மாமா, அவங்க இல்லன்னா செப்டம்பர் ஆட்டம் கிடையாது. டிக்கெட் யாருக்கு விப்பீங்க? சம்சா யாரு வாங்குவா?”

டிக்கெட்டும், இறைச்சி வைத்துச் சுட்ட சம்சாவும் விற்கும் அந்த ஒரு நாள் வசூலில்தான் இரண்டு அணிகளும் ஆண்டு முழுவதற்கும் பந்தும் டீசலும் வாங்கின. அது மாமாவுக்கும் தெரியும்.

“அவங்க வராட்டா நமக்கு ஆடாமலே மூணு புள்ளி வருதுல்ல?” என்றார் அவர்.

“புள்ளிய டாங்கில ஊத்தினா பஸ் ஓடுமா மாமா?”

ஜோல்டோஷ் மாமா கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

“உங்க அண்ணன் மாதிரியே பேசுற. போய்ப் படி, போ.”

“பள்ளிக்கூடம் லீவு மாமா.”

“அப்ப போய் லீவுல இரு.”

அவர் மீண்டும் வண்டிக்கு அடியில் சென்றுவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. ஜோல்டோஷ் மாமாவும் எங்கள் அணி இளைஞர்களும் குளிர்காலத்திற்குப் புல் அறுப்பதற்காக மலைப்புல்வெளிக்குச் சென்றிருந்தனர். அங்கே கைப்பேசி வேலை செய்யாது. இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணிய பேகிமாய், அறுப்போருக்கு அம்மா கொடுத்த ரொட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மலைப்பாதையின் பாதியில் பின்னால் குளம்போசை கேட்டது. பழுப்புக் குதிரையில் ஒரு சிறுவன் விரைந்து வந்தான். அவன் ஆக்ஜோல். அக்கரை ஊரைச் சேர்ந்தவன். ஜோல்டோஷ் மாமாவின் மகள் மேரிம் அவனுக்கு அண்ணி. அவன் முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது.

“மேரிம் அக்காவுக்குக் குழந்தை பொறந்துடுச்சா?” என்று பேகிமாய் கேட்டாள்.

ஆக்ஜோல் உடனே சிரிப்பை நிறுத்தினான். “நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“உன் மூஞ்சி சொல்லுது. ஆணா, பொண்ணா?”

“அத உங்கிட்ட சொன்னா என் சுயுன்ச்சு போயிடும்.”

எங்கள் நாட்டில் நற்செய்தி கொண்டு வருபவர் அதை உடனே சொல்லிவிடுவதில்லை. முதலில் ‘சுயுன்ச்சு’ என்று கூவுவார். கேட்பவர், ‘தந்தேன்’ என்று வாக்களிக்க வேண்டும். அதன் பிறகே செய்தி வெளிவரும். வாக்களித்தவர் பரிசு தராமல் தப்ப இயலாது. ஆகவேதான் ஆக்ஜோலின் வீட்டார், மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியுடன் அவனைக் குதிரையில் அனுப்பியிருந்தனர்.

“என்ன கேக்கப் போற?” என்றாள் பேகிமாய்.

“பந்து. தையல் பிரியாத, தோல் பந்து. எனக்கே எனக்கு.”

“யாரோட ஆடுவ?”

ஆக்ஜோல் குதிரையின் பிடரி மயிரை விரல்களால் நீவினான்.

“நேத்து கோல் வலையக் கழட்டிட்டாங்க,” என்றான் மெல்ல. “வெங்காயம் கட்ட ஒருத்தர் விலைக்குக் கேட்டாராம். எங்க அணித்தலைவர் ஓமுர் அண்ணன் அதை மடிச்சுக் கொடுத்துட்டு, வீட்டுக்குப் போகாம அங்கயே உக்காந்திருந்தார். வெறும் கம்பத்தப் பாத்துக்கிட்டே.”

பேகிமாய் ரொட்டி மூட்டையைக் கீழே வைத்தாள். அதைக் கேட்பதற்கு அவளுக்குத் தயக்கமாக இருந்தது. சுயுன்ச்சு அவனுடையது. பந்தும் அவனுடையது.

“ஆக்ஜோல், பந்துக்குப் பதிலா நீ பஸ்ஸக் கேக்கலாம். நாளைக்கு ஒரு நாளைக்கு.”

“உங்க பஸ்ஸா? எங்க ஆளுங்க ஏற மாட்டாங்க. அறுபது கிலோமீட்டரும் நடந்தே போவாங்க.”

“அது எதிரி வண்டியா இருந்தாதானே? சம்பந்தி வண்டியா இருந்தா? மாமா எப்படியும் பேரக்குழந்தையப் பாக்க டவுனுக்குப் போவார். பெரியாஸ்பத்திரி அங்கதானே இருக்கு. உங்க வீட்டு ஆளுங்களும் குழந்தையப் பாக்கப் போகணும். சம்பந்திய வழியில விட்டுட்டுப் போக முடியுமா?”

“எங்க வீட்ல நாலு பேர்தான்.”

“பதினாலு பேர்னு சொல்லு.”

ஆக்ஜோல் அதை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன.

“உனக்கு இதுல என்ன?” என்று திடீரெனக் கேட்டான். “நாங்க இல்லன்னா உங்களுக்கு மூணு புள்ளி.”

“ஆட்டம் இருந்தாதான் எங்க அண்ணன் வருவான்.”

“வந்து எங்க பெனால்டியப் பிடிப்பார். போன வருஷம் ரெண்டு பிடிச்சார்.”

“இந்த வருஷமும் பிடிப்பான்.”

“அப்ப நான் எதுக்கு உதவி பண்ணணும்?”

பேகிமாய் சிந்தித்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

“தெரியல. ஆனா அவன் வரணும் ஆக்ஜோல். அவன் போன்ல பேசும்போது முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாக்கிறேன். சில நாள் ஞாபகம் வரமாட்டேங்குது.”

குதிரை தலையை உதறியது. ஆக்ஜோல் சேணத்துக் கால்வளையத்திலிருந்து ஒரு காலை எடுத்து, அவள் ஏறுவதற்கு இடம் கொடுத்தான்.

“ரொட்டியையும் தூக்கிக்க,” என்றான். “பசிக்குது.”

புல்வெளியில் ஜோல்டோஷ் மாமா புற்போரின் உச்சியில் நின்று கொண்டிருந்தார். கீழே இளைஞர்கள் கவைக்கோலால் புல்லை எறிய, அவர் மேலே பரப்பினார்.

“சுயுன்ச்சு!” என்று ஆக்ஜோல் கூவினான்.

அனைவரும் வேலையை நிறுத்தினர். மாமா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார்.

“தந்தேன்,” என்றார் அவர். “என்ன வேணும்னாலும் கேளு. சொல்லு, சொல்லு.”

“பெண் குழந்தை. மூணரைக் கிலோ. அண்ணி நல்லா இருக்காங்க.”

ஜோல்டோஷ் மாமா புற்போரின் மேலேயே அமர்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுகிறாரா, தும்முகிறாரா என்று எவருக்கும் விளங்கவில்லை. பின்பு வழுக்கிக் கொண்டு கீழே வந்து ஆக்ஜோலைக் கட்டித் தழுவினார்.

“கேளுடா ராஜா. ஆட்டுக்குட்டி வேணுமா?”

“நாளைக்கு உங்க பஸ் வேணும் மாமா. சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாரும் டவுனுக்குப் போகணும்.”

“இவ்வளவுதானா? நானும்தானே போறேன். தாராளமா ஏறிக்கங்க. எத்தனை பேரு?”

“பதினாலு.”

“அம்மாடி. அவ்வளவு பெரிய குடும்பமா?” மாமா வியந்தார். பிறகு அவருடைய கண்கள் சுருங்கின. “பதினாலுன்னா... பதினோரு பேரும் மூணு மாத்தாளுமா?”

ஆக்ஜோல் தன் காலணியைப் பார்த்தான். மாமா பேகிமாயைப் பார்த்தார். பேகிமாய் ரொட்டி மூட்டையை அவிழ்ப்பதில் மிகவும் முனைப்பாக இருந்தாள்.

“ரெண்டு ஆட்டுக்குட்டி தரேன்,” என்றார் மாமா.

“பஸ் மாமா.”

“பந்து வாங்கித் தரட்டுமா? தோல் பந்து?”

பேகிமாயின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. ஆக்ஜோல் கண்களை மூடிக்கொண்டான்.

“பஸ்,” என்றான்.

“டீசல் இல்லையே.”

“ஆஸ்பத்திரிக்கு மட்டும் தண்ணியில ஓட்டுவீங்களா மாமா?” என்று எங்கள் அணியின் முன்னாட்டக்காரன் குபாத் கேட்டான். இளைஞர்கள் கவைக்கோலில் சாய்ந்து சிரித்தனர். “தந்தேன்னு நாங்க எல்லாரும் கேட்டோம். பேத்தி பொறந்த நாளும் அதுவுமா வாக்குத் தவறுவீங்களா?”

ஜோல்டோஷ் மாமா தொப்பியைத் தொடையில் தட்டினார். தூசி பறந்தது.

“காலையில ஆறு மணி,” என்றார். “ஒரு நிமிஷம் பிந்தினாலும் நிக்க மாட்டேன்.”

மறுநாள் பேருந்து பாலத்தைக் கடந்தபோது அதன் சன்னல் கண்ணாடி இறக்கியே இருந்தது. பேகிமாய் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். ஷும்கார் வீரர்கள் சாலையோரத்தில் பைகளுடன் நின்றனர். அவர்களுடைய தலைவன் ஓமுர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எங்களுக்கு யாரும் பிச்சை போட வேணாம்,” என்றான் அவன்.

மாமா கதவைத் திறந்து கீழே இறங்கினார். ஆம், அவ்வூரின் மண்ணில்தான் இறங்கினார்.

“யாருப்பா பிச்சை போட்டா? என் பேத்தி உங்க ஊர்க்காரி. அவ ஊர்க்காரங்க நடந்து போனாங்க, தாத்தா பஸ்ல போனாருன்னு அவளே நாளைக்குக் கேப்பா. ஏறுங்க சம்பந்தி.”

இருபத்து மூன்று வயது ஓமுரை இதற்கு முன் எவரும் சம்பந்தி என்று அழைத்ததில்லை. அவன் கட்டியிருந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவிழ்த்தான். பின்பு ஏறினான். அவனுக்குப் பின்னால் பதின்மூவரும் ஏறினர். ஒருவனுடைய மடியில் ஒரு வாளி வெண்ணெய் இருந்தது. அது குழந்தை பெற்றவளுக்கு.

அன்று ஷும்கார் ஐந்து கோல் வேறுபாட்டில் தோற்றது. ஆனால் ஆட்டத்திற்கு வந்தது. பட்டியலில் அதன் பெயர் நின்றது. முதல் பாதியில் மௌனமாக இருந்த ஜோல்டோஷ் மாமா, இரண்டாம் பாதியில் எழுந்து நின்று, “இடது பக்கம் பாருடா, இடது பக்கம்,” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். மாலையில் பேத்தியைக் கையில் வாங்கியபோது அவரால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை.

மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று பேகிமாய் மாஸ்கோவை அழைத்தாள்.

“நடக்கும்,” என்றாள்.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

மறுமுனையில் இயந்திர ஓசை இல்லை. அண்ணனுடைய மூச்சு மட்டும் கேட்டது.

“அஞ்சு நாள்தான் லீவு கிடைக்கும் பேகி. வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை கிளம்பணும்.”

“சரி,” என்றாள் அவள். ஐந்து நாள் என்பது எவ்வளவு குறைவு என்று அவள் சொல்லவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவன் வந்தான். சற்று மெலிந்திருந்தான். கன்னத்தில் புதியதொரு தழும்பு இருந்தது. பேகிமாய் சாப்பிடும்போதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என் மூக்குல சோறு ஒட்டியிருக்கா?” என்று அவன் இரண்டு முறை கேட்டான். சனிக்கிழமை வந்தது, அதுவும் ஓடிவிட்டது.

ஞாயிறன்று எங்கள் திடலில் நிற்பதற்கு இடமில்லை. சம்சாக்கள் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிட்டன. குபாத் ஒரு கோல் போட்டான். தீலேக் அந்த ஆண்டும் ஒரு பெனால்டியைப் பிடித்தான். கோலுக்குப் பின்னால் நின்ற பேகிமாய் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிய வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. முடிந்தால் திங்கள் வரும். திங்களுக்குப் பின் செவ்வாய் வரும்.

கடைசி நிமிடத்தில் ஓமுர் தொலைவிலிருந்து பந்தை ஓங்கி உதைத்தான். தீலேக் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனியை உரசிக்கொண்டு வலைக்குள் புகுந்தது. நடுவர் ஊதினார். ஒன்றுக்கு ஒன்று.

அக்கரைக்காரர்கள் துள்ளினர். அவர்கள் நடுவில் ஆக்ஜோல் தலைகீழாகக் குட்டிக்கரணம் அடித்தான். எங்கள் பக்கம் அமைதியாயிற்று.

“கிடா யாருக்கு?” என்று எவரோ கேட்டார்.

பெரியவர்கள் திடலின் நடுவே கூடினர். எட்டு ஆண்டுகளாக இந்த ஆட்டம் சமனில் முடிந்ததே இல்லை. தொண்டை இன்னும் சரியாகாத ஜோல்டோஷ் மாமா விரலை உயர்த்தினார்.

“உயிரோட இருக்கிற கிடாவ ரெண்டாப் பிரிக்கிறது எப்படி?” என்றார் கரகரப்பாக. “அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆடுவோம். டிக்கெட்டும் மறுபடியும் விப்போம். என்ன சொல்றீங்க சம்பந்தி?”

“சம்சா கூடுதலாப் போடுங்க,” என்றான் ஓமுர்.

பேகிமாய் வலைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். தீலேக் தரையில் அமர்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் முழங்கைத் தோல் உரிந்திருந்தது.

“வேணும்னே விட்டியா?” என்று அவள் காதோடு கேட்டாள்.

“நானா? கோல் விடறதுக்கா மாஸ்கோவிலிருந்து வந்தேன்?” அவனுக்கு மெய்யாகவே கோபம் வந்துவிட்டது. “காத்துல திரும்பிடுச்சு அது. அடுத்த தடவை உதைக்கட்டும், பாக்கிறேன்.”

“அடுத்த தடவைன்னா அடுத்த ஞாயிறு,” என்றாள் பேகிமாய்.

தீலேக் அவளைப் பார்த்தான். பின்பு பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மாஸ்கோவை அழைத்தான்.

“மேஸ்திரி, நான் தீலேக். செவ்வாய்க்கிழமை வர முடியாது. ஆட்டம் இன்னும் முடியல.” அவன் சற்று நேரம் கேட்டான். “ஒண்ணுக்கு ஒண்ணு. ஆமா, கடைசி நிமிஷத்துல. இல்ல மேஸ்திரி, காலால இல்ல, கையாலதான் தடுக்கப் பாத்தேன். சரி. சரி.”

அவன் கைப்பேசியை அணைத்தான்.

“என்ன சொன்னாரு?”

“ஜெயிக்காம வந்தா செங்கல் சுமக்க விட்டுடுவாராம். ஒரு வாரம் பயிற்சி எடுக்கச் சொன்னாரு.”

திடலில் அத்தனை தூல்பார்க்காரர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, பேகிமாய் பந்தை எடுத்துக் கோலிலிருந்து பன்னிரண்டு தப்படி அளந்து வைத்தாள்.

“எழுந்திரு,” என்றாள் அண்ணனிடம். “இப்பவே ஆரம்பிக்கலாம்.”